முந்திரி ஓட்டில் பிறந்த பிரேக்

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் முந்திரி உடைக்கும் பெண்களை அவர்கள் விரலை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருக்கும். நகக்கண் வெடித்திருக்கும். தோல் உரிந்த இடம் வெளிறித் தெரியும். கொட்டையை வேகவைத்து, ஆறப்போட்டு, வெட்டும் கட்டையில் ஒவ்வொன்றாக வைத்துப் பிளந்து, பருப்பை நெம்பி எடுப்பதற்குள் ஓட்டிலிருந்து கசியும் பால் விரலில் ஏறிவிடுகிறது. அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள், விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். அப்படியும் சீசன் முடிந்து பல நாள் வரை கறை போகாது. குழம்புச் சோற்றில் கை வைத்தால் எரியும்.

அவர்கள் எடுத்துக் கொடுக்கும் பருப்புக்கு விலையும் உண்டு, ரகமும் உண்டு. ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்பு நிற்கும் என்று கணக்கிட்டு 240, 320 என்று எண் போட்டு டின்னில் அடைக்கிறார்கள். ஓட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 100 கிலோ கொட்டை உடைத்தால் பருப்பு 25 கிலோவைத் தாண்டாது. 70 கிலோ போல ஓடுதான். சாக்கில் கட்டி மூலையில் அடுக்கப்படும் அந்த ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய், உலகத்துக் கார்களின் பிரேக்குக்குள் போய் உட்கார்ந்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ஹைபிரிட் காரின் சக்கரத்துக்குள்ளும் அது இருக்கிறது.

முந்திரி ஓட்டில் இரண்டு தோல். இரண்டுக்கும் நடுவே பஞ்சு போன்ற பகுதி, அதில் பொடிப்பொடி அறைகள். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும் அந்த எண்ணெய் அங்கேதான் தங்குகிறது. உள்ளே இருக்கும் விதையை எந்தப் பூச்சியும் விலங்கும் தொடாமல் இருக்க மரம் வைத்துக்கொண்ட காவல். மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் உதட்டில் பட்டால் பொத்துப் போவதும், சேராங்கொட்டை பட்டால் உடம்பு தடிப்பதும், முந்திரிப் பால் விரலைத் தின்பதும் ஒரே வகைப் பொருள்களின் வேலை. பச்சை எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். சூடு ஏறும்போது அது கரியமில வாயுவை விட்டுவிட்டு கார்டனால் என்ற பொருளாக மாறுகிறது. பிளாஸ்டிக் பிசின் செய்யப் பயன்படும் பீனாலுக்கு நெருங்கிய சொந்தம் கார்டனால். ஒரே வித்தியாசம், இதன் மூலக்கூறில் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால் தொங்குகிறது. பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த வால்தான் காரணம்.

மரமே நம் மண்ணில் தோன்றியதல்ல. 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பரவிக் கிழக்கே வந்து, கடலூர் மாவட்டத்துச் செம்மண் மேட்டில் காடாம்புலியூர், காட்டுக்கூடலூர், பத்திரக்கோட்டை என்று ஊர் ஊராகத் தோப்பானது. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. வரிசையில் ரகங்களை வெளியிட்டது, வி.ஆர்.ஐ. 3 பல மாநிலங்களுக்குப் போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது, இரண்டு மூன்று தலைமுறை பார்த்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. பலாவும் போயிற்று, முந்திரியும் போயிற்று. புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வரும்வரை குடும்பங்கள் பட்ட பாட்டை இன்றும் அந்தப் பக்கம் புயலுக்கு முன், புயலுக்குப் பின் என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். உடைக்கும் தொழில் நிற்காமல் இருந்ததற்கு ஒரு காரணம், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தூத்துக்குடி வழியாக வந்து இறங்கும் பச்சைக் கொட்டை. ஆகவே இன்று பண்ருட்டியில் ஒரு பெண்ணின் விரலில் ஏறும் கறை ஐவரி கோஸ்ட்டில் காய்த்த கொட்டையுடையதாகவும் இருக்கலாம்.

ஓடு மூட்டை எண்ணெய் ஆலைக்குப் போகிறது. செக்கு என்று சொன்னாலும் இன்று நடப்பது இரும்புத் திருகு சுழலும் எக்ஸ்பெல்லரில்தான். ஓட்டின் எடையில் கால் பங்கு வரை எண்ணெய் இருக்கும். அதில் பெரும்பகுதி பிழிந்து வந்துவிடும். எஞ்சும் சக்கை பாய்லருக்கு விறகாகும். எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி, டிரம்மில் அடைக்கிறார்கள். இதற்கு இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 840 என்ற தரக்குறிப்பு இருக்கிறது. டிரம்மில் ஏறிய பிறகு எண்ணெய்க்கு ஊர்ப்பெயர் கிடையாது. பண்ருட்டி ஓடும், கொல்லத்து ஓடும், மேற்கு ஆப்பிரிக்க ஓடும் ஒரே டாங்கரில் கலந்து ரசாயன ஆலைக்குப் போகும். அங்கே காய்ச்சி வடித்துக் கார்டனாலைப் பிரிக்கிறார்கள். அதை ஃபார்மால்டிஹைடு போன்ற பொருளோடு சேர்த்துக் கெட்டியாக்கி, அரைத்து, சலித்து, காப்பிப்பொடி நிறத்தில் ஒரு தூளாக்குகிறார்கள். பிரேக் தொழிலில் இதற்கு ஃபிரிக்ஷன் டஸ்ட் என்று பெயர். சரக்கு ரசீதில் வேறு பெயர் இருந்தாலும் முந்திரித் தூள் என்றே சொன்னால் தப்பில்லை.

இந்தத் தூளைப் பிரேக்கில் போடலாம் என்று கண்டவர்கள் அமெரிக்கர்கள். அதற்கு வெகு முன்பு பிரேக் என்பது மரக்கட்டை, தோல், பருத்தி நெசவு என்றே இருந்தது. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் குதிரை வண்டிச் சக்கரத்துக்குப் பிரேக் கட்டை செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் வந்தது, சூட்டைத் தாங்கியது, உலகம் முழுக்க அதுவே ஆனது. 1920களில் மார்ட்டிமர் ஹார்வி என்ற அமெரிக்க வேதியியலாளர் முந்திரி ஓட்டு எண்ணெயைக் கெட்டிப்படுத்தும் வழிகளைத் தேடினார். நியூ ஜெர்சியின் இர்விங்டனில் இருந்த ஒரு வார்னிஷ் கம்பெனி அதைத் தொழிலாக்கியது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த எண்ணெயை அமெரிக்க அரசு போர்த்தளவாடக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருந்தது. எண்ணெய் போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. நுரையீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து ஆஸ்பெஸ்டாஸ் பின்னாளில் பல நாடுகளில் பிரேக்கை விட்டு வெளியேறியது. செம்பு இப்போது வெளியேறிக்கொண்டிருக்கிறது. முந்திரித் தூள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஏன் என்று கேட்டால் அந்த வாலிடம்தான் போக வேண்டும். பிரேக் பேடைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் பீனால் பிசின் கெட்டியானது, ஆனால் மொறுமொறுப்பானது. முந்திரித் தூளின் துகள்களில் அந்த நீண்ட வால் இருப்பதால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் குணம் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தும்போது பேடு லேசாக உள்வாங்கும், அதிர்வு குறையும், கீச்சென்ற சத்தம் குறையும். வண்டி ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில், முதல் பிரேக்கிலேயே பிடிப்புக் கொடுப்பதும் இதன் வேலை. பேடின் முகம் சூடேறும்போது மேலே இருக்கும் தூள் கருகி உதிர்ந்து, சூட்டை உள்ளே கடத்தாமல் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. தன்னைக் கொடுத்துத் தனக்குக் கீழே இருப்பதைக் காக்கிற பொருள்.

தமிழ்நாடு இந்தத் தொழிலில் பழைய ஊர். சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இல். ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலைகளில் ஒன்று புதுச்சேரியில், கடலூருக்கு அடுத்த வீட்டில், இருக்கிறது. பேடு செய்யும் முறை எங்கும் ஒன்றுதான்: பாரைட், கிராஃபைட், இரும்பு நார், அராமிட் நார், ரப்பர், அலுமினா, பிசின், முந்திரித் தூள் என்று பத்திருபது சரக்கைப் பெரிய மிக்சரில் போட்டுக் கலக்கி, பசை தடவிய இரும்புத் தகட்டின்மேல் கொட்டி, 150 டிகிரிக்கு மேல் சூட்டில் அழுத்துகிறார்கள். பிறகு அடுப்பில் பல மணி நேரம் வேகவிட்டு, தேய்த்து மட்டமாக்கி, ஓரம் சாய்த்து, வண்ணம் பூசுகிறார்கள். எதை எவ்வளவு போடுவது என்பது ஒவ்வொரு கம்பெனியின் ரகசியம். வெளியே தெரிவது விளிம்பில் அச்சான இரண்டு எழுத்து மட்டும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது அதிகச் சூட்டில் பிடிப்பு. எஃப்.எஃப். என்று இருந்தால் இரண்டு நிலையிலும் உராய்வுக் கெழு 0.35க்கும் 0.45க்கும் நடுவே. பேடு வாங்கும்போது பெட்டியின் பளபளப்பை விட்டுவிட்டு இந்த எழுத்தைப் பாருங்கள்; சூட்டில் பிடிப்பு விட்டுப்போகிற மலிவுச் சரக்கை அது காட்டிக்கொடுக்கும்.

இப்படிச் செய்த பேடு, தேய்வதற்காகவே பிறந்தது. ஹைபிரிட் காருக்குப் போன பேடுக்கு மட்டும் அந்த வேலை சரியாக வாய்ப்பதில்லை.

டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் ஹைபிரிட் பரவலானது 2022இல்தான்: ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஆண்டு இறுதியில் இன்னோவா ஹைகிராஸ். இவற்றில் பிரேக் மிதியை அழுத்தினால் முதலில் வேலை செய்வது பேடு அல்ல, மோட்டார். வண்டியை ஓட்டிய அதே மோட்டார் வேலை மாறி ஜெனரேட்டராகி, ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. 1,600 கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 222 கிலோஜூல்; ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு மேல் சூடாக்கப் போதும். சாதாரணக் காரில் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இவ்வளவும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போகிறது. ஹைபிரிட்டில் அதில் கணிசமான பங்கு திரும்பி வருகிறது. வண்டி ஊர்ந்து நிற்கப்போகிற கடைசி நேரத்திலும், திடீரென்று அழுத்தும்போதும், பேட்டரி நிறைந்திருக்கும்போதும்தான் பேடு டிஸ்க்கைத் தொடுகிறது. எவ்வளவு மோட்டாருக்கு, எவ்வளவு பேடுக்கு என்று நொடிக்கு நொடி பங்கு போடுவது கம்ப்யூட்டர். காலுக்குத் தெரிவது ஒரே அழுத்தம்தான்.

கடலூர்–சிதம்பரம் சாலை இந்தப் பங்கீட்டுக்கு ஏற்ற சாலை. சுமார் 45 கிலோமீட்டர். முதுநகர் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று கடலை ஒட்டியே போகிறது. மேடு பள்ளம் கிடையாது; இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிடும் பேச்சே இல்லை. நான்குவழி வந்த பிறகு ஊருக்குள் புகாமல் போகலாம். குறுக்கே வரும் மாடு, தடுப்புக்கு இடையில் திரும்பும் டிராக்டர் என்று வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் நிறைய. அடித்துப் பிடிக்க வேண்டிய இடம் குறைவு. மெதுவாகக் காலை வைத்தால் முக்கால்வாசி மோட்டாரே முடித்துவிடும். இப்படி ஓடும் வண்டிகளில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் பேடு மிச்சம் இருப்பதை மெக்கானிக்குகள் பார்க்கிறார்கள்.

அங்கேதான் கடற்காற்று நுழைகிறது. டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு. வண்ணம் கிடையாது, பூச்சு கிடையாது. சாதாரணக் காரில் தினமும் பேடு உரசுவதால் துரு தங்காது. ஹைபிரிட்டில் உரசலே குறைவு. மார்கழி ஈரத்தில் இரண்டு வாரம் நின்ற வண்டியின் டிஸ்க் செங்காவி நிறத்துக்கு வந்துவிடும். மேல்துரு முதல் சில பிரேக்கில் போய்விடும், கவலைப்பட ஒன்றுமில்லை. பேடின் விளிம்புக்கு வெளியே, டிஸ்க்கின் ஓரத்தில் தங்கும் துருதான் வருஷக்கணக்கில் அடை அடையாக வளர்கிறது. அதைவிடக் கெட்டது, பேடுகளை டிஸ்க்கின் இருபுறமும் அழுத்தும் காலிப்பருக்குள் நடப்பது. காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின் மேல் வழுக்கி நகர வேண்டும். அப்படி நகர்ந்தால்தான் உள்பேடும் வெளிப்பேடும் சமமாக அழுத்தும். பின்னில் கிரீஸ் காய்ந்து உப்பு ஈரம் புகுந்தால் அது இறுகிவிடும். பிறகு பிஸ்டன் பக்கத்து உள்பேடு மட்டும் தேயும். வெளிப்பேடு புதுசாகவே உட்கார்ந்திருக்கும்.

சிதம்பரத்தில் இருக்கும் என் மாமாவின் ஹைபிரிட் காரில் நடந்தது இதுவே. ஓய்வு பெற்ற ஆசிரியர். வண்டியைக் கோயில் வீதியில் வீட்டு வாசலில் நிறுத்துவார். எப்போதாவது கடலூருக்கு எடுப்பார். ஒருநாள் ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன: ஏ.பி.எஸ்., வண்டி சறுக்கும் படம், மஞ்சளில் பிரேக் குறி. பிரேக் போய்விட்டது என்று பயந்துவிட்டார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சார், இது பிரேக் கோளாறு இல்ல. சின்ன பேட்டரி இறங்கியிருக்கு. வண்டி ஓடவே இல்லயா?"

"மாசத்துல ரெண்டு தடவ கடலூர் வந்தா அதிகம்," என்றார் மாமா.

"அதான். வோல்டேஜ் பத்தலன்னா கம்ப்யூட்டர் ஒண்ணொண்ணா முழிச்சிக்கும்போது தப்புத்தப்பா லைட்டு போடும். சரி, வந்தது வந்தீங்க, வீல கழட்டிப் பாத்துடலாம்."

ஹைபிரிட்டில் இரண்டு பேட்டரி. பெரியது வண்டியை ஓட்ட. 12 வோல்ட் சின்னது கம்ப்யூட்டர்களை எழுப்ப. இந்த வகைக் காரில் எஞ்சினைக் கிளப்புவது சின்னது அல்ல. ஆகவே அது சோர்ந்திருப்பது ஸ்டார்ட் செய்யும்போது இழுவையாகத் தெரியாது, விளக்காகத்தான் தெரியும். பயமுறுத்திய மூன்று விளக்குக்கும் காரணம் அது. முன்சக்கரத்தைக் கழற்றியபோது கிடைத்த செய்தி வேறு. பட்டறைப் பையன் ஸ்பேனரைப் போட்டுக் காலிப்பரைத் தூக்க முயன்றான், வரவில்லை. "அண்ணே, பின்னு புடிச்சிக்கிச்சு" என்றான். சுத்தியால் தட்டி எடுத்தபோது பின் முழுக்க ஆரஞ்சு நிறப் பொடி. வெளிப்பேடு 9 மில்லிமீட்டர் இருந்தது. உள்பேடு 3. வெளிப்பேடின் முகம் கண்ணாடியாகப் பளபளத்தது. உள்பேடில் டிஸ்க்கின் துரு விளிம்பு கீறிய வரிகள் விரலில் தட்டுப்பட்டன. அதன் ஓரத்தை மெக்கானிக் நகத்தால் சுரண்டினார். காப்பிப்பொடி நிறத்தில் சில துகள் உதிர்ந்தன.

இந்த நோய்க்கு டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரிந்திருக்கவில்லை. எரிந்த விளக்குக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் இதை முதலில் வைப்பேன்.

சிவப்பு பிரேக் விளக்கு மூன்று காரணத்துக்கு எரியும். ஒன்று, கைப்பிரேக். அது விட்டிருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது பிரேக் அமைப்பிலேயே பெரிய கோளாறு. ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை. அதில் சின்னக் காந்தம். மட்டம் இறங்கினால் காந்தம் சுவிட்சை மூடி விளக்கைப் போடும். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அது விட்ட இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் கீழே போகும். ஆகவே ஆயில் மட்டம் பேடின் தேய்மானத்தையும் மறைமுகமாகச் சொல்கிறது. முதலில் வளைவில் திரும்பும்போது மட்டும் மினுக்கும். ஆயில் ஒருபக்கம் சாய்வதால். இந்த நேரத்தில் பேடைப் பார்க்காமல் ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பது நம் ஊரில் நிறைய நடக்கிறது. நோயைச் சொன்ன வாயை அடைப்பது அது. பிறகு புதுப் பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால், அதிகமாக ஊற்றிய ஆயில் டப்பாவைத் தாண்டி வழிந்து வண்டியின் பெயின்ட்டைக் கரைக்கும். நான்கு சக்கரத்தில் ஒரே ஒரு உள்பேடு மட்டும் தேய்ந்தால் ஆயில் மட்டம் அவ்வளவாக இறங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமாவின் வண்டியில் சிவப்பு எரியாததற்கு அதுதான் காரணம்.

மஞ்சள் பிரேக் விளக்கு ஹைபிரிட்டில் மின்னணுப் பக்கத்தைப் பேசுகிறது: மோட்டார் பிரேக்கும் ஆயில் பிரேக்கும் பங்குபோடும் ஏற்பாட்டில் குறை. மிதித்தால் வண்டி நிற்கும், ஆனால் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சிவப்பு எரிந்து, மிதியும் மெத்தென்று இறங்கினால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும், அடுத்த ஊர் வரை ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. பேடு தேய்ந்ததைச் சொல்ல நம் ஊரில் ஓடும் பல கார்களில் இருப்பது விளக்கே அல்ல. பேடின் தகட்டில் வைத்த ஒரு சின்ன எஃகு நாக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது டிஸ்க்கை உரசிக் கத்தும். துருப்பிடித்த டிஸ்க்கின் கரகரப்புக்குக் காது பழகியவர்களுக்கு அந்தக் கத்தல் கேட்பதில்லை. சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவதும் வெளிப்பேடு மட்டும்தான். மாமா அப்படி எட்டிப் பார்த்துத்தான் நிறைய இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்.

மோட்டாருக்கும் பேடுக்கும் நடுவே கைமாறுகிற அந்த நொடி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 2010 சாட்சி. மேடு பள்ளத்திலும் வழுக்கும் சாலையிலும் பிரேக் ஒரு கணம் விட்டுப் பிடிப்பதாக பிரியஸ் ஓட்டியவர்கள் புகார் சொன்னார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 4,37,000 ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்து, ஏ.பி.எஸ். மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. பேடிலும் டிஸ்க்கிலும் எந்தக் குற்றமும் இல்லை. எப்போது யார் பிடிப்பது என்ற உத்தரவில்தான் இருந்தது.

தேய்ந்த பேடு எங்கே போகிறது? ஒரு பங்கு சக்கரத்தில் கரும்பொடியாக ஒட்டுகிறது. மீதி சாலையில் விழுகிறது, காற்றில் மிதக்கிறது, மழையில் ஓடுகிறது. கலிஃபோர்னியா 2010இல் சட்டம் போட்டு பேடில் செம்பின் அளவை 2021இல் 5 சதவீதத்துக்கும் 2025இல் அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரச் சொன்னது. மழைநீரோடு ஓடிய செம்பு ஆற்று மீனைக் கெடுத்ததே காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதி, புகைக்குழாயைத் தாண்டி முதல்முறையாகப் பிரேக் தூசுக்கும் அளவு வைத்தது: மின்கார்களுக்கு கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், ஹைபிரிட் உள்ளிட்ட மற்றப் பயணிகள் கார்களுக்கு 7. நம் சாலையில் விழும் தூசு பரவனாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் போகிறது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சற்றுத் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. கடலூர் சிப்காட்டின் ரசாயனத்தைப் பற்றி இந்தக் கரையில் பல வருஷமாகக் குரல் எழுந்திருக்கிறது, எழ வேண்டியதும்தான். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் உதிரும் பொடியும் அதே கரையில்தான் சேர்கிறது. அந்த வகையில், தன் பேடைத் தேய்க்காத ஹைபிரிட் இந்த ஆறுகளுக்குச் செய்வது நல்லதே.

மஞ்சக்குப்பத்தில் வேலை மதியம் வரை நீண்டது. டிஸ்க்கின் துரு விளிம்பைத் தேய்த்து எடுத்தார்கள். ஸ்லைடு பின் இரண்டையும் மாற்றி, சூடு தாங்கும் கிரீஸ் வைத்து, ரப்பர் உறையைப் புதிதாகப் போட்டார்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் பொருள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, அதையும் மாற்றினார்கள். முன்சக்கரம் இரண்டிலும் புதுப் பேடு. பழைய பேடு பழைய இரும்புச் சாக்கில் விழுந்தது. கிலோக் கணக்கில் எடை போட்டு உலைக்குப் போகும். தகடு உருகி மறுபடி இரும்பாகும். மேலே ஒட்டியிருக்கும் கலவையில் பிசினும் முந்திரித் தூளும் எரிந்துபோகும், மற்றது கசடோடு ஒதுங்கும்.

புதுப் பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும், அதற்கு உரசல் வேண்டும். மோட்டாரே பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அது நடக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நீளச் சாலையில் மெக்கானிக் வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டு மிதியை அழுத்தினார். நியூட்ரலில் மோட்டார் மின்சாரம் எடுக்காது, முழு வேலையும் பேடுக்கு. சில முறை செய்த பிறகு முதல் கருகல் வாசனை வந்து அடங்கியது.

"வருஷத்துக்கு ஒருக்கா, ஐப்பசி மழைக்கு முன்னாடி வீல கழட்டச் சொல்லுங்க சார். வண்டி ஓடலன்னாலும் கழட்டணும். ஓடலன்னாதான் கழட்டணும்," என்றார்.

மாமா பில்லை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் நான்கு சக்கரத்தையும் படமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் உள்பேடு எத்தனை மில்லிமீட்டர், வெளிப்பேடு எத்தனை என்று மெக்கானிக்கையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பின்சக்கரத்தை இன்னும் கழற்றவே இல்லையே என்று அப்போதுதான் பையனுக்கு ஞாபகம் வந்து, ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனான்.